மலைப்பாதையில் கனமான டிரெய்லர்: கையால் கியர் மாற்றும் டிரக்கில் வரும் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

மலைப்பாதையில் டிரெய்லர் இழுக்கும் டிரக்கில் எந்தக் கோளாறு தலைகாட்டினாலும், வெப்பம் எந்த இடத்தில் சேருகிறது என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். டிரக் 3 டன், டிரெய்லர் 5 டன், ஆக 8 டன் என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 7 மீட்டர் உயரும் ஏற்றத்தில் இந்த எடையைப் பின்னால் இழுக்கும் விசை சுமார் 560 கிலோ. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அதைச் சமாளிக்க மட்டுமே 80 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும். அதே சரிவில் அதே வேகத்தில் இறங்கினால், காற்றும் டயர்களும் எடுத்துக்கொண்டதுபோக ஏறக்குறைய 50 கிலோவாட் வெப்பம் எங்காவது போயாக வேண்டும். இன்ஜின் வாங்கிக்கொள்ளாததை பிரேக் வாங்கிக்கொள்ளும். பிரேக்காலும் முடியாதபோது வண்டி நிற்காது.

பழுதுபார்க்க இறங்குவதற்கு முன் ஒரு வேலை: சமதளமான இடம் கிடைக்கும்வரை மெதுவாகப் போய் நிறுத்துங்கள். சரிவில்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது என்றால் டிரக்கின் சக்கரத்துக்கும் டிரெய்லரின் சக்கரத்துக்கும் கட்டை கொடுத்த பிறகே கீழே குனியுங்கள்.

இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை, கருகிய வாடை

இது கிளட்ச் நழுவுவது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுழல்கிறது என்ற அளவு) முள் துள்ளி ஏறும், வேகமுள் அங்கேயே நிற்கும். ஏற்றத்தில் அதை ஒருமுறை பார்த்துவிட்டால் ஆக்சிலரேட்டரை உடனே குறைத்துவிடுங்கள். நழுவும் கிளட்ச்சை மேலும் மிதித்து இழுக்கப் பார்ப்பது, இருக்கும் பிளேட்டையும் (இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உராய்வுத் தட்டு) எரித்துவிடும்.

பாதுகாப்பாக நிறுத்தியதும் நியூட்ரலில் போட்டு, கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்து, இன்ஜினை ஐட்லிங்கில் 15, 20 நிமிடம் ஓடவிடுங்கள். பெடலை மிதித்தபடி நிற்பது தவறு. பிளேட், ஃப்ளைவீலோடு (இன்ஜினின் முனையில் சுழலும் கனமான சக்கரம்) ஒட்டிச் சுழலும்போதுதான் அதன் சூடு உலோகத்துக்குள் இறங்கிக் காற்றில் போகும்.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். முதலில் பெடலின் ஃப்ரீ பிளே. கையால் அழுத்தினால் மேல்முனையில் கொஞ்சம் தூரம் எதிர்ப்பே இல்லாமல் போக வேண்டும். எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். அது சுத்தமாக இல்லையென்றால், காலை எடுத்த பிறகும் கிளட்ச்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங், பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று பொருள். கேபிள் வண்டி என்றால் ஐந்து நிமிட வேலை. தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் கிளட்ச்சில் பெடல் அளவை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

அடுத்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கீழ்ப்பக்கம் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினின் பின் சீலோ கியர்பாக்ஸின் முன் சீலோ கசிந்தால் பிளேட்டில் எண்ணெய் ஏறும். எண்ணெய் ஏறிய பிளேட்டைக் கழுவி மறுபடி மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் உராய்வுப் பரப்பான லைனிங்குக்குள் ஊறிய எண்ணெய் சூட்டில் திரும்ப வெளியே வரும், அதுவும் அடுத்த ஏற்றத்தின் நடுவில் வரும்.

டிரெய்லரைக் கழற்றிய பிறகு ஒரு சோதனை: சமதளமான, ஆளில்லாத சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில் போகும்போது மேல் கியருக்கு மாற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதியுங்கள். ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்தே மெதுவாக ஏறினால், ஏற்றத்தில் நழுவியது சூட்டினாலும் பாரத்தினாலும். கிளட்ச் இன்னும் உயிரோடு இருக்கிறது. லோடு இல்லாமலே ஆர்பிஎம் மட்டும் துள்ளினால் பிளேட் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த வட்டங்கள், மெல்லிய விரிசல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கடைசல் போடுவதோ மாற்றுவதோ அவசியம். அந்த ஃப்ளைவீலில் புதுப் பிளேட்டைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

கிளட்ச் நன்றாக இருந்தும் எரிகிறது என்றால் கிளம்பும் முறையைப் பாருங்கள். கிளட்ச் முழுதாகச் சேர்வதற்குள் வண்டி எட்ட வேண்டிய வேகம், முதல் கியரைவிட இரண்டாவது கியரில் ஏறக்குறைய 1.8 மடங்கு. வெப்பம் அந்த வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், சமதளத்திலேயே மூன்று மடங்குக்கு மேல் சூடு பிளேட்டில் இறங்குகிறது. ஏற்றத்தில் இன்னும் கூடுதல். எனவே லோடோடு ஏற்றத்தில் கிளம்புவது எப்போதும் இருப்பதிலேயே தாழ்ந்த கியரில். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஐட்லிங்கைவிடக் கொஞ்சம் மட்டும் ஆர்பிஎம் ஏற்றி, கிளட்ச் கடிக்கும் இடத்தில் டிரக்கின் முன்பக்கம் லேசாக அசைவதை உணர்ந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். வண்டி நகர ஆரம்பித்ததும் பெடலிலிருந்து காலை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். நெரிசலில் கிளட்ச்சைப் பாதி மிதித்து வண்டியை ஏற்றத்தில் நிறுத்திவைக்கும் பழக்கம் டிரெய்லர் இல்லாத நாட்களில் தாங்கும்; டிரெய்லரோடு தாங்காது.

நான்கு சக்கர இழுவை உள்ள டிரக்கில் லோ ரேஞ்ச் (எல்லாக் கியரையும் மேலும் தாழ்த்தும் ஏற்பாடு) இருக்கும். செங்குத்தான மண் பாதையில் கிளம்ப அதைப் பயன்படுத்தினால் கிளட்ச்சின் வேலை பாதிக்கும் கீழே குறையும். காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் பகுதிநேர (தேவைப்படும்போது மட்டும் போடும்) நான்கு சக்கர இழுவையைப் போட்டுத் திருப்பாதீர்கள். முன் பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும்.

கிளம்பும்போது வண்டி உதறுகிறது

உதறல் கிளட்ச் சேரும் அந்த நொடிகளில் மட்டும் வந்தால் பிளேட்டில் எண்ணெய், ஃப்ளைவீலில் சூட்டுத் தழும்பு, இன்ஜின் மவுண்டிங் தளர்வு ஆகிய மூன்றில் ஒன்று. கிளட்ச் முழுதாகச் சேர்ந்த பிறகும், வேகம் ஏற ஏற உதறல் மாறினால் கீழே புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) பாருங்கள். அதன் மூட்டான யூ ஜாயின்ட்டைக் கையால் திருகிப் பார்த்தால் தளர்வு தெரியும். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் சென்டர் பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள். டிரெய்லரின் பாரம் டிரக்கின் பின்பக்கத்தை அமுக்கும்போது ஷாஃப்ட்டின் கோணம் மாறுவதால், வெறும் வண்டியில் தெரியாத உதறல் லோடில் தெரியும்.

ஏற்றத்தில் இன்ஜின் முக்குகிறது, கேபின் அதிர்கிறது, கரும்புகை தள்ளுகிறது

கோளாறு என்று பட்டறைக்குக் கொண்டுவரப்படும் வண்டிகளில் இதற்கு அடிக்கடி காரணம் கியர்தான். மேல் கியரில், ஆர்பிஎம் 1,200, 1,300க்கு இறங்கிய பிறகும் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து ஏற்றிவிடலாம் என்று பார்ப்பது. டர்போவில் (இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) காற்றழுத்தம் எழவில்லை, டீசல் மட்டும் நிறையப் போகிறது. எரியாத டீசல் கரும்புகையாகிறது, எக்ஸாஸ்ட் சூடேறுகிறது. சிலிண்டர் அழுத்தம் முழுவதையும் கிராங்க் பேரிங்குகள் மெதுவான சுழற்சியில், மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் தாங்குகின்றன. ஒவ்வொரு வெடிப்பின் அதிர்வும் கியர்பாக்ஸுக்கு அப்படியே போகிறது. இரட்டை ஃப்ளைவீல் (நடுவில் ஸ்பிரிங் உள்ள இரண்டு துண்டு ஃப்ளைவீல்) உள்ள வண்டிகளில் அதன் ஸ்பிரிங்குகளை உடைப்பது இந்தப் பழக்கம்தான்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஏறும்போது ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்துப் பாருங்கள். வண்டி வேகம் எடுத்தால் கியர் சரி. சத்தமும் புகையும் மட்டும் ஏறினால் ஒரு கியர் குறைக்க வேண்டும். இன்ஜினின் அதிகபட்ச டார்க் (முறுக்குவிசை) எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்து, ஏற்றத்தில் முள் அதற்குக் கீழே போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். கியர் குறைத்தால் டீசல் குடிக்கும், இன்ஜின் தேயும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஏற்றத்தில் தேய்மானம் அதிக ஆர்பிஎம்மைவிட அதிகப் பாரத்தால்தான் வருகிறது. 2,500 ஆர்பிஎம்மில் பாதி மிதியோடு ஏறும் டீசல் இன்ஜின் நிம்மதியாக இருக்கிறது.

ஓவர்டிரைவ் கியர் (இன்ஜினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுழலும் கியர்; பல டிரக்குகளில் ஐந்தாவது அல்லது ஆறாவது) ஏற்றத்துக்கு உரியதல்ல. விகிதம் 1:1 உள்ள நேரடி கியரில் சக்தி பற்களைச் சுற்றாமல் ஷாஃப்ட் வழியே நேராகப் போகிறது. கியர்பாக்ஸ் எண்ணெயும் குறைவாகவே சூடாகிறது.

கியர் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால் ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயின் கிளிப், டீசல் ஃபில்டர் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். குழாய் விட்டிருந்தால் மிதிக்கும்போது உஸ்ஸென்று காற்றுச் சத்தம் கேட்கும். உயரத்தையும் மறக்க வேண்டாம்: டர்போ இல்லாத இன்ஜின் 1,000 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் சக்தியை இழக்கும். அது கோளாறு இல்லை.

வெப்பமுள் ஏறிக்கொண்டே போகிறது

முள் நடுவைத் தாண்டியதும் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுவதுமாகத் திறந்து ஃபேனை வேகமாக வையுங்கள், ஒரு கியர் குறைத்து மிதியையும் குறையுங்கள். கியர் குறைவதால் தண்ணீர் பம்பும் இன்ஜினால் சுழலும் ஃபேனும் வேகமெடுக்கும். மிதி குறைவதால் வெப்பமே குறைவாக உண்டாகும். இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் முள் இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்காமல் கொஞ்சம் ஆர்பிஎம் ஏற்றி ஓடவிடுங்கள். சூடான டர்போவுக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடம் தேவை. கூலன்ட் வெளியே கொட்டிக்கொண்டிருந்தாலோ முள் சிவப்பைத் தொட்டிருந்தாலோ மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம்.

சமதளத்தில் சரியாக இருந்து ஏற்றத்தில் மட்டும் சூடேறும் வண்டியில் மூன்று இடம் பாருங்கள். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவில் தூசியும் பூச்சியும் படிந்து அடைத்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. சூடான இன்ஜினை அணைத்த பிறகு ஃபேனைக் கையால் சுற்றினால் தாராளமாகச் சுழன்றால் ஃபேனை இன்ஜினோடு இணைக்கும் ஃபேன் கிளட்ச் தேய்ந்துவிட்டது (எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் கை வைக்காதீர்கள், அது தானாகச் சுழல ஆரம்பிக்கும்). மூன்றாவது, ரேடியேட்டர் மூடி. பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை சாதாரண அழுத்தத்தில் 106 டிகிரி அளவில் கொதிக்கும். 1 பார் மூடி அதை 125 டிகிரிக்கு மேல் தள்ளிப்போடும். ரப்பர் போன ஒரு மூடி இந்த 20 டிகிரியைத் தின்றுவிடும். உயரம் ஏற ஏற கொதிநிலை தானாகவே குறைவதால் மலையில் இது இன்னும் முக்கியம்.

கியர் விழவில்லை, அல்லது விழுந்த கியர் வெளியே வந்துவிடுகிறது

சமதளத்தில் நின்றபடி ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறதா? அப்படியென்றால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. பெடலைச் சில தடவை வேகமாகப் பம்ப் செய்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். சுலபமாக விழுந்தால் கிளட்ச் லைனில் காற்று இருக்கிறது அல்லது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் சீல் போயிருக்கிறது. பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில் டப்பா உள்ள வண்டிகள் நிறைய. டப்பாவில் அளவு குறைந்திருந்தால் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

நின்றபோது எல்லாக் கியரும் விழுந்து, ஏற்றத்தில் கியர் குறைக்கும்போது மட்டும் விழவில்லை என்றால் சின்க்ரோ (கியர்களின் வேகத்தைப் பொருத்தும் வளையம்) தேய்ந்திருக்கலாம், அல்லது ஆர்பிஎம் பொருந்தவில்லை. லோடு வண்டி ஏற்றத்தில் நியூட்ரலில் இருக்கும் ஒவ்வொரு நொடியும் வேகம் கொட்டுகிறது. டபுள் கிளட்ச் பழகிக்கொள்ளுங்கள்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்ச்சை விட்டு ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு, மறுபடி கிளட்ச் மிதித்துத் தாழ்ந்த கியர். சின்க்ரோவின் வேலையை உங்கள் கால் செய்துவிடுகிறது. இரண்டாவது முயற்சியிலும் விழவில்லை என்றால் போராடாமல் நிறுத்தி, முதல் கியரில் புதிதாகக் கிளம்புங்கள்.

இறக்கத்தில் கியர் குறைக்கப் போய் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் கதை வேறு. வண்டி நொடிக்கு நொடி வேகமெடுக்கும், கியர் விழுவது மேலும் கடினமாகும். தயங்காமல் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து வேகத்தை நன்றாக இறக்குங்கள். பிரேக் இன்னும் சூடாகாத அந்த நேரத்தில்தான் இது முடியும். பிறகு அந்த வேகத்துக்குரிய கியரைப் போடுங்கள். முடியாவிட்டால் முழுவதுமாக நிறுத்திவிடுங்கள்.

இறக்கத்தில் வண்டி இன்ஜினைத் தள்ளும்போது மட்டும் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதா? கியர் கம்பி முழுதாக உள்ளே போகாததாலோ (லிங்க்கேஜ் புஷ், மவுண்டிங் தளர்வு), கியர் பற்களின் முனை மழுங்கியதாலோ, உள்ளே பிடித்துவைக்கும் ஸ்பிரிங் பலமிழந்ததாலோ இது வரும். வெளியில் உள்ள புஷ்ஷும் மவுண்டிங்கும் சரி என்றால் கியர்பாக்ஸைப் பிரிக்காமல் அந்த வண்டியை டிரெய்லரோடு மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். லீவரைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்குவது தீர்வல்ல.

இறக்கத்தில் பிரேக் பிடிப்பு குறைகிறது

பெடல் எப்படி இருக்கிறது என்பதே இங்கே நோய் கண்டறியும் வழி.

பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, வண்டி நிற்கவில்லை, எரிந்த வாடை வருகிறது: லைனிங் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிமானத்தை இழந்துவிட்டது. பெடல் பஞ்சு போல இறங்கித் தரையைத் தொடுகிறது: பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி ஆகிவிட்டது. புதிய டாட் 3 ரக ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி; ஈரம் ஏறிய பிறகு அதன் வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், நிறம் எப்படி இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது மலைக்குப் போகும் வண்டிக்கு அவசியம். ஏர் பிரேக் வண்டியில் சூட்டில் டிரம் விரிவடைந்து, பிரேக் சேம்பரின் தண்டு போக வேண்டிய தூரம் கூடிவிடும். ஏற்கெனவே சரிசெய்யாமல் விட்டிருந்தால் அழுத்தம் இருந்தும் பிடிக்காது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: பஞ்சுப் பெடலை வேகமாகப் பம்ப் செய்யுங்கள், கியரை விடாதீர்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், டிரெய்லர் பிரேக்குக்குத் தனிக் கட்டுப்பாடு இருந்தால் அதைப் பிடியுங்கள், எதிர்ச்சரிவோ அவசர மண்பாதையோ கண்டால் அதில் ஏற்றிவிடுங்கள். நின்ற பிறகு சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். டிரம் விரிசல் விடும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

இது வராமல் இருக்க இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைப் போட்டுவிட வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர், லோடு அதிகமென்றால் அதற்கும் ஒன்று கீழே. இறங்கும் உயரம் 300 மீட்டர் என்றால் எந்த வேகத்தில் இறங்கினாலும் நம் 8 டன் வண்டி வெளியேற்ற வேண்டிய மொத்த ஆற்றல் மாறாது. மெதுவாகப் போனால் அது அதிக நேரத்தில் பரவுகிறது, இன்ஜினும் அதிகப் பங்கை வாங்கிக்கொள்கிறது. பிரேக்கைத் தொடர்ந்து லேசாக மிதித்தபடி வராதீர்கள். உங்கள் இறக்க வேகம் 40 என்றால், 40ஐ எட்டியதும் மூன்று நொடி அழுத்தமாகப் பிடித்து 32க்குக் கொண்டுவந்து, காலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். மறுபடி 40 வரும்வரை டிரம்முக்கு ஓய்வு. அடிக்கடி பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால், ஒருமுறை வேகத்தை நன்றாகக் குறைத்துக் கியரை ஒன்று இறக்குங்கள்.

டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜினைப் போலக் காற்றை அடைக்கும் திராட்டில் வேலை செய்யாததால், காலை எடுத்தால் கிடைக்கும் தடை குறைவு. எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாயை அடைத்து இன்ஜினின் சுழற்சியைத் தடுக்கும் பிரேக்) இருந்தால் இறக்கத்தின் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். அது அதிக ஆர்பிஎம்மில்தான் நன்றாகப் பிடிக்கும். ஆனால் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது: இறக்கத்தில் சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றும்போது ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் அதைத் தடுக்க முடியாது, வால்வுகள் பிஸ்டனில் இடிக்கலாம்.

டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது

டிரக் பிரேக் பிடித்ததும் முதுகில் மோதுவது போல ஒரு தள்ளல் வந்தால் டிரெய்லர் தன் எடையைத் தானே நிறுத்தவில்லை. இறக்கம் முடிந்து நின்றதும் ஒவ்வொரு சக்கர மையத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். எல்லாம் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகிறது. எலக்ட்ரிக் பிரேக்கில் முதல் சந்தேகம் எர்த் கம்பி. துரு ஏறிய எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்ததுமே பல வண்டிகள் சரியாகிவிடும்.

தள்ளும் விசையால் தானாக இயங்கும் இணைப்பு பிரேக் உள்ள டிரெய்லரில் ஒரு சிக்கல் உண்டு. டிரக் இன்ஜின் பிரேக்கில் இறங்கும்போது டிரெய்லர் இணைப்பைத் தள்ளிக்கொண்டே இருப்பதால், அதன் பிரேக் இறக்கம் முழுவதும் லேசாகப் பிடித்தபடியே இருக்கும். நீண்ட இறக்கத்தில் நடுவே நிறுத்தி அந்தச் சக்கரங்களைப் பார்த்தாக வேண்டும்.

டிரெய்லர் இடமும் வலமும் ஆடுகிறது

இறக்கத்தில் இது ஆரம்பித்தால் டிரக்கின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கும் லீவர் இருந்தால் பிடியுங்கள். அது டிரெய்லரை நீட்டி இழுத்து நேராக்கும்.

நின்றதும் லோடைப் பாருங்கள். பால் ஹிட்ச்சில் (உருண்டையின்மேல் அமரும் இணைப்பு) இணைப்பின்மேல் அமரும் எடை டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 5 டன்னுக்கு 500 முதல் 750 கிலோ. பாரம் டிரெய்லரின் பின்பக்கம் குவிந்தால் ஆடும். அதிகமாக முன்னால் தள்ளினால் டிரக்கின் முன் சக்கரம் இலகுவாகி, ஸ்டியரிங் மிதப்பது போலிருக்கும். ஏற்றத்தில் அது இன்னும் மோசமாகும்.

ரிவர்ஸில் ஏற்ற முடியவில்லை

பல கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸ், முதல் கியர் அளவுக்குத் தாழ்ந்ததில்லை. வளைவில் டிரெய்லரைப் பின்னால் ஏற்றுவதில் கிளட்ச் எரிவது அதனால்தான். லோ ரேஞ்ச் இருந்து, முன் சக்கர ஹப்பைக் (சக்கர மையம்) கையால் பூட்டும் வகை என்றால், ஹப்பைப் பூட்டாமல் லோ ரேஞ்ச் போடுங்கள். பின் சக்கர இழுவை மட்டும் தாழ்ந்த விகிதத்தில் கிடைக்கும், தார்ச்சாலையிலும் முறுக்காது. மிதியை மென்மையாக வைக்க வேண்டும், ஏனென்றால் அந்த டார்க் முழுவதும் பின் அச்சு ஒன்றின்மேல். தள்ளல் பிரேக் உள்ள டிரெய்லர் பின்னால் ஏற மறுத்தால் ரிவர்ஸ் பூட்டை (பின்னால் தள்ளும்போது அந்தப் பிரேக் பிடிக்காமல் தடுப்பது) மாட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

நிறுத்திய வண்டி ஹேண்ட் பிரேக்கில் நகர்கிறது

ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் டிரக்கின் பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும். டிரெய்லரின் எடைக்கும் சேர்த்து அது தாங்காமல் போகலாம். கால் பிரேக்கைப் பிடித்தபடி, கூட இருப்பவரை டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கச் சொல்லுங்கள். அவர் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நிற்கட்டும், பின்னால் வேண்டாம். பிறகு கால் பிரேக்கை மெதுவாக விட்டு எடை கட்டைமேல் அமரும்வரை காத்திருங்கள். அதன்பின் ஹேண்ட் பிரேக், கடைசியாகக் கியர்: மேல்நோக்கி நின்றால் முதல் கியர், கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ். கிளம்பும்போது வண்டியை ஒரு சாண் மேல்நோக்கி நகர்த்திப் பிரேக்கில் பிடித்த பிறகே கட்டையை எடுக்கச் சொல்லுங்கள். சரிவில் டிரெய்லரைக் கழற்ற வேண்டாம்.